நீ ‘நிறுத்து’ என்றும் சொன்னாய்

என் அருமை மச்சான் லிங்கத்துக்கு,

நீ போன இடத்தில் சத்தம் உண்டா, இல்லை எல்லாம் அமைதிதானா? இங்கே காஜா பெராங்கில் சத்தத்துக்குக் குறைவில்லை. போன வியாழக்கிழமை காலையில் கோப்பிக்கடையில் ஒருத்தனுடைய முன்பல்லை உடைத்தேன். கையில் இருந்த கிளாஸோடு சேர்த்துக் குத்தியதில் என் உள்ளங்கையும் கிழிந்தது. கட்டுப் போட்ட கையால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவனை உனக்குத் தெரியாது. புக்கிட் காதில் பக்கம் புதிதாகக் குடிவந்த லாரி டிரைவர். கடை ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடியது. அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "இங்க ஒரு பாட்டுக்காரன் இருந்தானாமே லா. மைக்குல ‘அடி அடி’ன்னு சொல்லி ஒருத்தன் கண்ணையே போக்கிட்டானாம். ஆளு கீழ கெடந்து துடிக்கிறான், ஒரு வார்த்தை ‘நிறுத்து’ன்னு சொல்லலியாம்." யாரோ சொன்னதை அவன் சொன்னான். நான் எழுந்து போய்க் குத்திவிட்டேன்.

குத்திய பிறகுதான் வெட்கமாக இருந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு, ரத்தம் விரலிடுக்கில் ஒழுக, "நான் என்னா பொய்யா சொன்னேன்?" என்று கேட்டான். பொய்தான். ஆனால் அது பொய் என்று சொல்ல வேண்டியவன் மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் என்ன செய்வான்? நீ ‘நிறுத்து’ என்று சொன்னாய், மச்சான். தொண்டை கிழியச் சொன்னாய். அது ஏன் யார் காதிலும் விழவில்லை என்பதை இன்றைக்கு எழுதிவிடப் போகிறேன். இந்தக் கடிதத்தின் ஒரு நகல் பத்திரிகைக்கும் போகிறது. உன் பெயரில் இருக்கிற கறை என் கையால் வந்தது.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. நீ தையற்காரன், பாட்டுக்காரன், என் தங்கை பாக்கியத்தின் புருஷன். நான் ரப்பர் மில்லில் வயர்மேன். நீ ஆர்மோனியத்தோடு பாடுவாய், உஜோங் பாசிரிலிருந்து ஒரு பிடில்காரர் வருவார், தேவா டோலக்கு. எனக்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆனால் உங்களை எல்லாம் விட்டுப் பிரிந்திருக்கவும் முடியாது. அதனால் சாமான் தூக்கினேன்.

தேவா செட்டிக் கம்பத்து ஆள், நம்மைவிட மூத்தவன். கோயிலுக்குப் போவான், விபூதி பூசுவான், வீட்டில் பேசுவது மட்டும் மலாய், தமிழ் வராது. முதல் நாள் ஒத்திகையில் நீ அவனைப் பார்த்து ‘வாசி’ என்றாய். அவன் காதில் அது ‘பாசி’ என்று விழுந்தது. ஊசிப்போன சோற்றுக்கு மலாயில் அதுதான் பெயர். "சியாப்பா புஞ்ஞா நாசி?" என்று, யாருடைய சோறு ஊசிப்போனது என்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான். பிடில்காரர் சிரித்த சிரிப்பில் வில் கைநழுவி விழுந்தது. அன்றைக்கே நீ ‘வாசி’யைக் கைவிட்டாய். அவன் புரிந்துகொள்ளும்படி மூன்றே வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தாய். அடி. பலமா. நிறுத்து. தமிழ் தெரிந்த வாத்தியக்காரனிடம் யாராவது ‘அடி’ என்று சொல்வார்களா? தேவாவுக்காகத்தான் அந்த வார்த்தை நம் கோஷ்டிக்குள் வந்தது.

மைக் செட் வாங்கப் போன நாள் நினைவிருக்கிறதா? அதற்கு முந்தின வாரம் வெறும் தொண்டையால் ஒரு கல்யாணத்தில் பாடிவிட்டு, வாய் கொப்பளித்தபோது ரத்தம் துப்பினாய். பாக்கியம் என்னைத்தான் திட்டினாள். "கூட இருந்து என்னா கிழிச்சே? ஒரு மைக்கு வாங்கிக் குடுக்க முடியல?" என்றாள். மறுநாளே உன்னை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடையில் மூன்று செட் இருந்தன. ஒன்று பட்டாளத்தார் விட்டுப்போனது. நான்கு பேர் தூக்க வேண்டும், எட்டி உதைத்தால் நம் கால்தான் உடையும். இன்னொன்று புத்தம் புதியது, பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் சுவரில் கரண்டு இருந்தால்தான் அதற்கு உயிர். நாம் பாடப்போகிற இடத்தில் பாதி தோட்டத்துக் கூலியாட்களின் லயங்கள். அங்கே கரண்டுக்கு எங்கே போவது? மூன்றாவது செட் வீட்டுக் கரண்டிலும் ஓடும், கார் பாட்டரியிலும் ஓடும். பெட்டி ஒரு சைக்கிளுக்கு, பாட்டரி ஒரு சைக்கிளுக்கு என்று இரண்டாகப் பிரித்துக் கட்டிவிடலாம். எனக்கு அதைப் பார்த்ததுமே மனசு விழுந்துவிட்டது.

உனக்குச் சந்தேகம். பாட்டரியில் போட்டுக் காதை வைத்துக் கேட்டாய். "உள்ளுக்கு ஒரு இரைச்சல் இருக்கு மச்சான். என் சுருதிக்குக் கொஞ்சம் கீழ நின்னுக்கிட்டு மல்லுக்கு நிக்குது" என்றாய். நான் கடைக்குப் பின்னால் போய் ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, செட்டின் உடம்பிலிருந்து அதற்கு ஒரு வயர் இழுத்தேன். இரைச்சல் பாதிக்கு மேல் செத்தது. நீ ஒரு அடி பாடிக் காட்டினாய். கடை முதலாளி தௌக்கே சாப்பாட்டுக் கிண்ணத்தோடு உள்ளேயிருந்து வந்து நின்றுவிட்டார். அன்றைக்கு உன்னை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

பிறகு சண்டை. உனக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர் வேண்டும், குரல் குரலாகவே இருக்கும் என்றாய். எனக்குப் பெரிய ஹார்ன் வேண்டும். ஹார்னில் குரல் கொஞ்சம் மூக்கால் வரும், ஆனால் காற்று இருந்தால் அரை மைல் போகும். "பாட்டு பந்தலுக்குள்ள கேட்டாப் போதும் லா" என்றாய். "ஊரு கேக்கணும்" என்றேன் நான். என் சத்தம்தான் பெரிதாக இருந்தது, ஹார்ன் வந்தது.

மைக்கிலும் அப்படித்தான். தௌக்கே இரண்டு காட்டினார். ஒன்றின் கழுத்தில் சுவிட்ச் இருந்தது. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். நீ அதைத்தான் கையில் எடுத்தாய். தேவாவிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மூடிக்கொண்டு சொல்லலாம் என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்புறம் நான் எதுக்கு செட்டுகிட்ட குத்துக்கல்லாட்டம் உட்காந்திருக்கேன்? நீ பாடு. தொறக்கிறதும் மூடுறதும் என் வேல" என்றேன். நீ சிரித்துவிட்டு அந்த மைக்கைத் திரும்ப வைத்தாய். சுவிட்ச் இல்லாத மைக்கோடு வீட்டுக்கு வந்தோம்.

எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஹார்ன் எப்போதும் பாடுகிறவனுக்கு முன்னால் இருக்க வேண்டும், மைக் அதற்குப் பின்னால். இல்லாவிட்டால் சத்தம் மைக்குக்கே திரும்பி வந்து நாய் மாதிரி ஊளையிடும். வால்வு சூடாக ஒரு கோப்பி குடிக்கிற நேரம் பிடிக்கும். பாட்டரித் தண்ணீர் என் கைலிகளையெல்லாம் சல்லடையாக்கியது. சத்தம் கூட்டுகிற குமிழை எவ்வளவு திருகினால் உன் குரல் தெளியும், எங்கே போனால் கிழியும் என்று என் விரலுக்கே தெரிந்துபோயிற்று. பந்தலில் நீ பாட, வெளியே பெட்டிக்குப் பக்கத்தில் நான் குமிழைப் பிடித்துக்கொண்டிருப்பேன். உன் குரலையே கையில் பிடித்திருக்கிற மாதிரி கர்வமாக இருக்கும்.

அப்போதுதான் மில்லில் ஸ்டிரைக் வந்தது. வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்தான். நான்கு பேர் கூடி நிற்கவே போலீஸில் கேட்க வேண்டிய காலம் அது. அனுமதி வாங்கிக்கொண்டு திடலில் கூடுவோம். சங்கத்துக்குச் செட் இரவல் கொடுத்தோம், குரலும் இரவல் கொடுத்தாய். தையற்காரன் உனக்கு மில்லில் என்ன வேலை? இருந்தாலும் வாராவாரம் வந்து மைக்கில் நின்றாய். "உட்காருங்க" என்றால் உட்கார்ந்தார்கள். "வரிசையா நில்லுங்க" என்றால் நின்றார்கள். "சண்ட வேணாம், கலஞ்சு போங்க" என்றால், பல்லைக் கடித்துக்கொண்டாவது கலைந்து போனார்கள். அந்த ஹார்னிலிருந்து உன் குரல் வந்தால் அதன்படி நடப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஐந்தாவது வாரம் காத்தான் ஸ்டிரைக்கை உடைத்து மில்லுக்குள் வேலைக்குப் போனான். செமாபோக்கிலிருந்து வேலைக்கு வருகிற மூட்டை தூக்கி. அம்மாவுக்கு நோய், வைத்தியம் பார்க்க வேண்டும் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கம்பெனி லாரியில் ஏறிப் போனான். எல்லாருக்கும் அவன் மேல் ஆத்திரம். எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. முந்தின வருஷம் நான் மில் கணக்குக் கிராணி ஒருத்தனை அடித்த விவகாரத்தில் என் பெயர் போலீஸ் புத்தகத்தில் ஏறியிருந்தது. இன்னொரு கேஸ் வந்தால் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவோம் என்று எச்சரித்திருந்தார்கள். ஸ்டிரைக்கில் நான் முன்னால் நிற்கிறேன் என்று யாரோ மறுபடி என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அது காத்தான்தான் என்று நான் முடிவு கட்டினேன். ஆதாரம் கிடையாது. இன்றுவரை கிடையாது. அவன் முகத்தைப் பார்த்தாலே என் கை துருதுருத்தது.

அது நடந்தது நம் தெருவிலேயே ஒரு கல்யாணத்தில், முச்சந்திக்குப் பக்கத்து வீட்டில். காலை பத்து மணி இருக்கும். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. ஹார்னை மாமரத்தில் கட்டி முச்சந்தியைப் பார்க்கத் திருப்பியிருந்தேன். நீ பந்தலுக்குள் உட்கார்ந்து மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு ரோடு தெரியாது. நான் வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாமே தெரிந்தது.

முச்சந்தியில் நம் மில்காரர்கள் இருபது பேர் காத்தானைப் பிடித்து வைத்திருந்தார்கள். சைக்கிளிலிருந்து இறக்கிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான் ஒருத்தன். "கருங்காலி! கருங்காலி!" என்று கத்தினார்கள். ஆனால் யாரும் கை வைக்கவில்லை. திட்டி, துப்பி, விட்டிருப்பார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீ தேவாவிடம் திரும்பினாய். டோலக்கு மைக்கில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் உனக்கு.

"அடி" என்றாய்.

அது மாமரத்திலிருந்து முச்சந்திக்குப் போனது. அங்கே எல்லாத் தலைகளும் ஒரு தடவை ஹார்ன் பக்கம் திரும்பின. "அடி, அடி. இன்னும் பலமா. பலமா அடி!" என்றாய். காத்தானின் சட்டையைப் பிடித்திருந்தவன் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். தேவா அடித்தான், அவர்களும் அடித்தார்கள். டோலக்கு வேகம் பிடிக்கப் பிடிக்க அங்கே கைகள் வேகம் பிடித்தன. ஒருத்தன் சைக்கிள் செயினைக் கழற்றிக்கொண்டு வந்தான். கல்யாண வீட்டு அடுப்புக்கு அடுக்கியிருந்த விறகை இரண்டு பேர் ஓடி வந்து என் கண் முன்னாலேயே உருவிக்கொண்டு போனார்கள். காத்தான் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். செயின் முகத்தில் இறங்கியபோது அவன் போட்ட சத்தம் டோலக்கையும் தாண்டி என்னிடம் வந்தது.

எல்லாருக்கும் தெரிந்த கதை இதுவரைதான். ஒரு வார்த்தை தவறாகப் போய் விழுந்தது, மைக் திறந்திருந்தது, பாவம் விதி என்று நல்லவர்கள் சொல்கிறார்கள். கெட்டவர்கள் நீ வேண்டுமென்றே சொன்னாய் என்கிறார்கள்.

மிச்சத்தை நான் சொல்கிறேன். சமையற்காரர் ஒருவர் பந்தலுக்குள் ஓடி, "அய்யய்யோ, காத்தானக் கொல்றானுங்க! நீ அடின்னு சொல்றதக் கேட்டுத்தான் அடிக்கிறானுங்க!" என்று கத்தினார். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் அவரோடு வெளியே ஓடினார்கள், நீயும் தேவாவும்தான் மிச்சம். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நீ மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கி வாயோடு வைத்துக்கொண்டு, "நிறுத்து! நிறுத்துங்க! விட்டுடுங்க அவன!" என்று அலறினாய். தேவா சட்டென்று கையை எடுத்துவிட்டான். அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும்.

ஹார்னிலிருந்து ஒன்றும் வரவில்லை. நீ வாயைத் திறக்கப்போகிறாய் என்று தெரிந்ததுமே என் கை குமிழைக் கடைசிவரை திருகி மூடிவிட்டது.

கை தானாகச் செய்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை, மச்சான். நான்தான் செய்தேன். இன்னும் நாலு அடி விழட்டும் என்று நினைத்தேன். அதைவிட மோசமாகவும் நினைத்தேன். செத்தாலும் சாகட்டும், என் பெயரைக் கொடுத்த வாய் போகட்டும் என்று நினைத்தேன். நீ இரண்டு தரம், மூன்று தரம் கத்திவிட்டு ஹார்னைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் விரல்கள் குமிழின் மேல் இருந்தன.

நீ மைக்கை எறிந்துவிட்டு ஓடினாய். வெறும் கையோடு அந்தக் கும்பலுக்குள் புகுந்து அவன் மேல் விழுந்து படுத்தாய். உன் முதுகிலும் செயின் விழுந்தது. உன்னைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். அதற்குள் காத்தானின் இடது கண் போய்விட்டது.

திரும்பி வந்தபோது உன் சட்டை முழுவதும் ரத்தம், பாதி அவனுடையது. செட்டின் பின்பக்கத்தைத் திறந்து கண்ணாடி ஃபியூஸைப் பிடுங்கினாய். கீழே போட்டுச் செருப்புக் காலால் மிதித்தாய். "ஃபியூஸ் போயிடுச்சு. அதனாலதான் சத்தம் வரல. போலீஸ் மாத்தா கேட்டா இதத்தான் சொல்லணும். செட்டுகிட்ட இருந்தது நான். நீ பின்னால வெறகு பொளந்துகிட்டு இருந்தே" என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மூடு வாய! உன்னக் கப்பல்ல ஏத்திட்டா பாக்கியத்துக்கு யாரு இருக்கா?" என்று கையை ஓங்கினாய். அடித்திருக்கலாம், ஏன் அடிக்கவில்லை?

போலீஸ் ஸ்டேஷனில் மலாய்க்கார சார்ஜன்ட் ஒரு வார்த்தையையே திருப்பித் திருப்பிக் கேட்டார். ‘அடி’ என்றால் மலாயில் ‘புக்குல்’ என்று எழுத்தர் சொன்னார். சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "புக்குல் கெண்டாங்? புக்குல் ஓராங்?" என்றார். மேளத்தை அடிப்பதா, ஆளை அடிப்பதா? அவருடைய மொழியிலும் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உன்னைக் கேஸில் சேர்க்கவில்லை. அடித்தவர்களில் எட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

தேவா மட்டும் விடாமல், "டியா சூரோ பெர்ஹெந்தி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் நிறுத்தச் சொன்னான், என் காதால் கேட்டேன் என்றான். நீ சொன்ன ஃபியூஸ் கதையையே நம்பாத நம் ஆட்கள் சிரித்தார்கள். "தமிழே தெரியாதவனுக்கு இவன் நிறுத்துன்னு சொன்னது மட்டும் எப்படி லா வெளங்குச்சு?" என்றார்கள். அவனுக்குத் தெரிந்த மூன்று வார்த்தையில் அது ஒன்று என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான். பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நீ பாடவில்லை. கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். கதவில் யாரோ கரியால் ‘அடி’ என்று எழுதினார்கள். நீ தினமும் அழித்தாய், அவர்கள் தினமும் எழுதினார்கள்.

கல்யாண வீட்டுச் சம்பவம் நடந்து ஏழாவது வாரம் காத்தானின் அண்ணன் வேலு வந்தான். காலை வேளை, ரோடு நிறைய ஜனம். நான் எதிர்ச் சாரியில் நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவன் கையில் இருந்த பாராங் கத்தியை மறைக்கக்கூட இல்லை. நீ மிஷினில் குனிந்து யாருடைய ரவிக்கையையோ தைத்துக்கொண்டிருந்தாய். "என் தம்பி கண்ணு போவுற மட்டும் ‘நிறுத்து’ன்னு ஒரு வார்த்த வரலியாடா ஒன் வாயில?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று. நீ பதில் சொல்ல நேரம் இருந்தது. நான் பார்த்தேன், இருந்தது. நீ சொல்லவில்லை. நான் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தபோது அவன் பாராங்கைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றான்.

பேச்சா ரிக்ஷாவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கைலியைச் சுருட்டிக் கழுத்தில் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் இருந்தாய். கழுத்தில் கட்டு, பேச முடியாது. இரண்டாம் நாள் பாக்கியம் வெளியே போன நேரத்தில் என்னைப் பார்த்து, வெட்டுப்படாத கையை மெதுவாகத் தூக்கினாய். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, ஒரு குமிழைத் திருகுகிற மாதிரி திருகிக் காட்டினாய். புருவத்தைத் தூக்கி, ஏன் என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி வேணுமா மச்சான்?" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. மாலைக்குள் போய்விட்டாய். கேட்டதற்கான பதிலை மேலே எழுதிவிட்டேன். மூன்று வருஷம் தாமதம்.

ஊர்ச் செய்தி கேட்பாயே, சொல்கிறேன். மெர்டேக்கா வந்துவிட்டது. வெள்ளைக்காரன் கொடி இறங்கியது, நம் கொடி ஏறியது, ஊரெல்லாம் ஹார்ன் கட்டினார்கள். நம் செட்டை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மில்லில் புது நிர்வாகம். பிடில்காரர் மகள் வீட்டோடு சிங்கப்பூர் போய்விட்டார். தேவா உன் நினைவு நாளுக்குத் தவறாமல் வருகிறான், படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். உன் தையல் மிஷினில் இப்போது பாக்கியம் உட்காருகிறாள். உன்னைவிட வேகம், உன்னைவிடக் கோபம்.

போன மாதம் எனக்குக் குடியுரிமைப் பத்திரம் வந்தது. போலீஸ் புத்தகத்தில் பெயர் இருந்ததால் இரண்டு தரம் திருப்பி அனுப்பி, மூன்றாம் தரம் கொடுத்தார்கள். இனி யாரும் என்னைக் கப்பலில் ஏற்ற முடியாது. கோப்பிக்கடையில் பல்லை உடைத்துவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, நேராகப் பாக்கியத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், ஃபியூஸ், ஆஸ்பத்திரி, எல்லாம்.

அவள் முதலில் தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரம் வரைக்கும் தைத்து முடித்தாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு உன் கஜக்கோலை எடுத்து என்னை அடித்தாள். தலையில், தோளில், கட்டுப் போட்ட கையில். கோல் உடைந்தது. உடைந்த துண்டாலும் அடித்தாள். நான் நின்றேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தாள்.

"பேப்பர் கைக்கு வந்தப்புறந்தானே ஒனக்கு வாய் வந்துச்சு?" என்றாள். இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அது உண்மை. பத்திரம் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். "மூணு வருஷம் எங்கையால சோறு தின்னே. அவரு போனப்புறமும் கதவுல கரியால எழுதுனத நான் அழிக்கறப்ப பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துனே. எங்கிட்ட சொல்லி இப்ப என்னா லா ஆவப்போவுது? கண்ணு போனவன் செமாபோக்குல இருக்கான். அவன் அண்ணன் ஜெயில்ல கெடக்கான். அங்க போயிச் சொல்லு. அண்ணன்னு சொல்லிக்கிட்டு இனிமே இந்தப் படி ஏறாத" என்றாள். பிறகுதான் அழுதாள். நீ செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அவள் சொன்னது சரி. இந்தக் கடிதம் அச்சாகி வருவதற்கு முன்னால் நான் போயிருக்க வேண்டும். பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிற வேலையை உன்னிடம் காட்ட மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சத்தில், செமாபோக்குக்குப் போகிறேன். காத்தான் வீட்டு வாசலில் நின்று, அவன் மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்து, நீ ‘அடி’ என்றது டோலக்குக்கு, ‘நிறுத்து’ என்றது அவனுக்காக, அதை முச்சந்திக்குப் போகவிடாமல் மூடியவன் நான் என்று சொல்வேன். அங்கே அவனுடைய மாமன்மார்கள் இருக்கிறார்கள், பாராங்கும் இருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர்கள் என்ன செய்தாலும் என் கை உயராது. உயிரோடு திரும்பினால் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பேன். பிறகு வேலுவைச் சிறையில் பார்த்து அவன் வெட்டியது யாரை என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்து நெடுநேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ‘உன் மச்சான்’ என்று போட வேண்டும். அந்த உறவு எனக்குப் பாக்கியம் வழியாக வந்தது. அவள் அதை அறுத்துவிட்டாள். அறுத்ததில் தப்பில்லை. ஆனால் வேறு என்ன பெயரால் உன்னிடம் வருவது என்று எனக்குத் தெரியவில்லை, லிங்கம்.

இப்படிக்கு,
பாக்கியத்துக்கு அண்ணனாக இருந்தவன்,
நீ சம்மதித்தால் இன்னும் உன் மச்சான்,
பெருமாள்